வேலை எங்கே காத்து நிற்கிறது? திட்டமும் அணியும் தடுமாறும்போது அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் ஏதோ ஒரு திட்டத்தைத் தலைமேல் சுமந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாய்க்கால் திருத்தத்தைப் பொறுப்பேற்ற கமக்காரர் அமைப்பின் செயலாளர், முன்பள்ளிக் கட்டடத்தை எடுத்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, தொண்டு நிறுவனத்தின் கள இணைப்பாளர், எட்டுப் பேரை வைத்துக் கணினி வேலை எடுத்துச் செய்யும் இளைஞர் என்று வேலைகள் வேறுபடும். அவை தடுமாறும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுச் செயலில் இறங்கலாம்.

அதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வேலை பிந்தினால் நம் வாயில் முதலில் வரும் கேள்வி "யாருடைய பிழை?" என்பது. அதை ஒரு வாரத்துக்கு ஒத்திவையுங்கள். பதிலுக்கு, "இந்த வேலை இப்போது எங்கே, எதற்காகக் காத்து நிற்கிறது?" என்று கேளுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் அன்று நடந்த வேலை. வலப்பக்கத்தில் வேலை நின்ற நேரமும் நின்ற காரணமும்: கையொப்பம், லொறி, மணல், மின்சாரம், பதில், பணம். ஒரு வாரம் முடிந்ததும் வலப்பக்கம் இடப்பக்கத்தை விட நீளமாக இருப்பதைப் பார்ப்பீர்கள். ஆட்களை விரட்டுவதால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடக் குறையாது. நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் திறந்துவிடுவதுதான் பொறுப்பாளரின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ளவை எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தவை.

எல்லோரும் ஓடித்திரிகிறார்கள், ஒன்றும் முடியவில்லை

சோதித்துப் பாருங்கள்: அணியில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, "தொடங்கி முடியாமல் உங்கள் கையில் இருப்பவை எவை?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஐந்து, ஆறு என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. தொடங்கியவை அதிகம், முடிப்பதற்கான கைகள் குறைவு.

நமது இடங்களில் இது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பட்டியல் கேட்கிறார்கள், கொழும்பு அலுவலகம் ஓர் அறிக்கை கேட்கிறது, நன்கொடையாளர் வியாழக்கிழமை வருகிறார் என்கிறார்கள். எவருக்கும் "இப்போது முடியாது" என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். ஆகவே எல்லாவற்றையும் தொடங்கி வைக்கிறோம். தொடங்கியது தெரிந்தால் கேட்டவர் சமாதானமாகிவிடுவார் என்ற எண்ணம்.

இதற்கு மருந்து நமது குளத்தடியிலேயே இருக்கிறது. சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முதலில் பார்ப்பது குளத்தின் நீர்மட்டம். இரணைமடுவானாலும் முத்தையன்கட்டானாலும், இருக்கும் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்கிட்ட பிறகுதான் விதைக்கும் அளவு தீர்மானிக்கப்படுகிறது. எல்லோருடைய வயலிலும் விதைத்துவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் தேடுவதில்லை. அலுவலகத்திலும் அப்படியே செய்யுங்கள். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். மூன்றாவது வந்தால், கையில் உள்ளதில் ஒன்று முடியும்வரை அது சுவரில் ஒட்டிய பட்டியலில் காத்திருக்கட்டும். பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தால், புதிதாக ஒன்றைக் கேட்டு வருபவரிடம், "சேர், இதை முன்னால் எடுத்தால் இதில் எதைப் பின்னால் தள்ளுவது?" என்று பணிவாகவே கேட்கலாம். பெரும்பாலானோர் பட்டியலைப் பார்த்ததும் தாமே இறங்கி வருவார்கள்.

"தொண்ணூறு வீதம் முடிந்துவிட்டது" என்ற பதில் மூன்றாவது வாரமும் வருகிறது

வீதத்தில் பதில் வாங்குவதை நிறுத்துங்கள். ஒரு வேலை முடிந்தது அல்லது முடியவில்லை, இடையில் ஒன்றும் இல்லை. கட்டடத்துக்குக் கூரை போட்டதும் மனம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. ஆனால் மின்மானி வரவில்லை, மலசலகூடக் குழிக்கு மூடி இல்லை, ஒரு கதவுக்குப் பூட்டு இல்லை. அந்த மூன்றும் வெவ்வேறு மூன்று இடங்களில் காத்து நிற்கின்றன. எவரும் அவற்றைத் தம்முடைய வேலையாக நினைக்கவில்லை.

தொடக்க நாளிலேயே "எவை எல்லாம் இருந்தால் முடிந்தது என்போம்" என்று ஒரு பக்கத்தில் எழுதி, செய்பவரும் பெறுபவரும் கையொப்பமிடுங்கள். கணினி வேலைக்கும் இது பொருந்தும். செயலி என் கணினியில் ஓடுகிறது என்பது முடிவாகாது. வாடிக்கையாளர் தம் கைத்தொலைபேசியில் பயன்படுத்திப் பார்த்துச் சரி என்று எழுதியதுதான் முடிவு.

பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக உடைத்து, எந்தத் துண்டும் ஐந்து நாளுக்கு மேல் போகாதபடி வைத்தால், பொய் நம்பிக்கை ஐந்து நாளுக்கு மேல் உயிர்வாழாது. போருக்குப் பின் இந்திய உதவியுடன் நடந்த வீட்டுத்திட்டத்தை நம்மில் பலர் அருகில் இருந்து பார்த்தோம். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, உரிமையாளரே நின்று கட்டுவது, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்வையிட்ட பின்னரே அடுத்த தவணை. அத்திவாரம் இருக்கிறதா இல்லையா என்பதில் எவரும் வீதம் பேச முடியவில்லை. அந்த நடைமுறையில் வந்த சிரமங்கள் பல, கடன்பட்ட குடும்பங்களும் உண்டு. ஆயினும் எந்த வீடு எங்கே நிற்கிறது என்பது எப்போதும் தெரிந்திருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் வேலை மாரிக்குள் மாட்டிக்கொள்கிறது

இதில்தான் நான் அதிகம் நிற்கப்போகிறேன். வன்னியில் திட்டங்கள் பிந்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாட்காட்டிகள் இங்கே மோதுகின்றன. ஒன்று பணத்தின் நாட்காட்டி. அரச நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு தெரிய வருவதற்குள் ஆண்டின் முதல் மாதங்கள் போய்விடுகின்றன. பிறகு மதிப்பீடு, காணி உறுதிப்படுத்தல், விலைமனுக் கோரல், ஒப்பந்தம். ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோதான் முதல் மண்வெட்டி நிலத்தில் படுகிறது. மற்றது வானத்தின் நாட்காட்டி. ஒக்டோபரில் மழை இறங்குகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் கிரவல் வீதிகளில் டிப்பர் ஓடாது, ஆற்றுமணல் கிடைக்காது, வாய்க்காலில் தண்ணீர் நிற்கும். வேலைக்கு உகந்த மார்ச் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் கடதாசிகள் நடக்கின்றன. மழை விழும் காலத்தில் கொங்கிறீற் போட ஓடுகிறோம்.

இதை "எதிர்பாராத காலநிலை" என்று அறிக்கையில் எழுதுவதை நிறுத்த வேண்டும். 2018 டிசம்பர் 21, 22 இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவி புயல். 2024 நவம்பர் இறுதியில் மீண்டும் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நவம்பர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் கடைசி வாரத்துக்கும் இடையில் ஏதாவது வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுவதுதான் இங்கே பொறுப்பான திட்டமிடல்.

சரிசெய்யும் வழி: செப்டெம்பர் 30 ஐக் கடைசி நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். மண்ணையும் தண்ணீரையும் தொடும் எந்த வேலையும் அந்த நாளுக்குப் பின் இருக்கக் கூடாது. மாரியில் செய்யக்கூடியவை தாராளமாக இருக்கின்றன. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை மாரியில் தயார் செய்யுங்கள். காணிக் கடிதத்தை மாரியில் தேடுங்கள். இங்கே பல காணிகள் அரச அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. வனத் திணைக்களம் உரிமை சொல்லும் எல்லைகளும் உண்டு. இந்தக் கேள்வி வேலை தொடங்கும் வாரத்தில் எழுந்தால் மாதக்கணக்கில் நிற்க வேண்டிவரும். மணல், கிரவல் அனுமதிக்கு எவரிடம் போவது, எந்தப் பத்திரங்கள் தேவை என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். பணம் வந்த நாளில் மதிப்பீடும் காணிக் கடிதமும் கையில் இருக்கும் சங்கத்துக்கு உத்தியோகத்தர்கள் முதலில் வேலை கொடுப்பார்கள். தமது ஒதுக்கீடு டிசம்பர் 31 இல் திறைசேரிக்குத் திரும்பிப் போகுமே என்ற கவலை அவர்களுக்கும் உண்டு.

மழையைத் தவிர வேறு நாட்களும் உண்டு. பெரும்போக விதைப்பின் போதும் மாசி, பங்குனி அறுவடையின் போதும் மேசனும் கையாளும் தமது வயலில் இருப்பார்கள். அதில் பிழை காண ஒன்றும் இல்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஜூலை 2 இலும் ஆகஸ்ட் 15 இலும் மடுத் திருவிழா. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 உம் நவம்பர் 27 உம் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லாதவை. ஆனால் பிள்ளையை இழந்த தாய் அன்று வேலைக்கு வரமாட்டார், வரச் சொல்லி எவரும் கேட்கவும் கூடாது. வெளியிலிருந்து வரும் முகாமையாளர்களுக்கு இந்த நாட்களை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

மழையும் இல்லை, திருவிழாவும் இல்லை, ஆனாலும் திகதி பிந்துகிறது என்றால், திகதி குறித்த விதத்தில் கோளாறு. கனடாவில் நடத்தப்பட்டு 1994 இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் பிடித்தது 55.5 நாள். மனிதர் தமது மிக மோசமான கணிப்பிலும் நல்லதையே நினைத்துக்கொள்கிறார். ஆகவே மேசனிடம், "அண்ணை, இது எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்காதீர்கள். "போன முறை இதே அளவு கட்டடம் எத்தனை நாள் பிடித்தது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நம்மைச் சந்தோசப்படுத்தும் பதில் வரும். இரண்டாவதற்கு நடந்தது வரும்.

அதனோடு இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலை தொடங்குவதற்கு முன் அணியை உட்காரவைத்து, "இந்தத் திட்டம் தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் தோற்றது?" என்று ஒவ்வொருவரையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் பரப்பிய முறை இது. "சங்கத் தேர்தல் வந்து நிர்வாகம் மாறியது", "தண்ணீர் பவுசர் கிடைக்கவில்லை" என்று வாயால் எவரும் சொல்லாதவை தாளில் வந்து விழும்.

ஆட்களைக் கூட்டினோம், வேலை இன்னும் மெதுவானது

பிரெட் புரூக்ஸ் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்தியவர். பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975 இல் எழுதினார். புதிதாக வருபவருக்கு வேலையைப் பழக்குவது ஏற்கெனவே வேலை தெரிந்தவர்தான். பழக்கும் நேரத்தில் அவருடைய வேலை நிற்கிறது. பேச வேண்டிய இணைப்புகளும் பெருகுகின்றன. நான்கு பேருக்குள் 6 இணைப்புகள், எட்டுப் பேருக்குள் 28.

கட்டட வேலையில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். கொங்கிறீற் தன் முழு வலிமைக்கு 28 நாள் கணக்கில் சோதிக்கப்படுகிறது. முதல் ஏழு நாளாவது அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். நூறு பேர் சுற்றி நின்றாலும் அந்த ஏழு நாள் ஆறாகாது. மாறாக, கிளிநொச்சி வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் விட்டால் வெடிப்பு வரும், வேலை பின்னோக்கிப் போகும்.

ஆள் சேர்ப்பதற்கு முன் கொப்பியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கைகள் போதாமல் நின்ற நாட்கள் உண்மையில் எத்தனை? குழி வெட்டுவது, கல் சுமப்பது, வேலி அடைப்பது போன்ற பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலைக்குத் தாராளமாகச் சேருங்கள். மற்றவற்றுக்கு, வேலை தெரிந்தவரின் தலையிலிருந்து தேவையற்றதை இறக்குங்கள். அவர் வங்கிக்கும் கடைக்கும் போகிறாரா? அதற்கு ஒரு பையனை அமர்த்துங்கள். அந்த ஒரு சேர்ப்பு மற்ற மூன்றை விடப் பயன் தரும்.

கூட்டத்தில் எல்லோரும் "சரி" என்கிறார்கள், வெளியே வந்ததும் வேறு கதை

இதை நேர்மையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நமது சமூகத்தில் மூத்தவர் பேசும்போது இடைமறிப்பதில்லை. பொறியியலாளர் சொல்வதை மேசன் நாலு பேர் முன்னால் மறுப்பதில்லை. அதற்கு மேல், நீண்ட காலம் வாய் திறப்பதே ஆபத்தாக இருந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் நாம். மௌனம் பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அதைக் கடிந்து மாற்ற முடியாது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை அணிகளை ஆராய்ந்தார். நன்றாக வழிநடத்தப்பட்ட அணிகளில் பதிவான மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கூடுதலாக இருந்தன. அந்த அணிகளில் தவறுகள் மறைக்கப்படாமல் பேசப்பட்டன என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஆகவே உங்கள் கூட்டத்தில் பிரச்சினையே வருவதில்லை என்றால் மகிழ வேண்டாம், கவலைப்படுங்கள்.

நம்மிடையே இதற்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றும் அணிகளில் பணியாற்றிய பெண்கள் வன்னிக் கிராமங்களில் பலர் உண்டு. ஐயம் வந்தால் கையை எடு, நிறுத்து, மேற்பார்வையாளரைக் கூப்பிடு என்பது அவர்கள் பழகிய ஒழுங்கு. நிறுத்தியவரை எவரும் ஏளனம் செய்வதில்லை. அப்படி ஒருவர் உங்கள் அணியில் இருந்தால், பாதுகாப்பு விடயங்களைக் கூட்டத்தில் அவரே பேசட்டும்.

மற்றவர்களுக்கு: "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "இந்த வாரம் வேலை எங்கே நின்றது?" என்று கேளுங்கள். பிரச்சினை உண்டு என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்ட கேள்வி அது. பதில் சொல்பவர் எவரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. வயதிலும் பதவியிலும் இளையவரிடம் முதலில் கேளுங்கள், தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலில் பேசிவிட்டால் கூட்டம் அத்துடன் முடிந்தது. பெண்கள் பின்வரிசையில் இருந்தால் வட்டமாக உட்காருங்கள். கூட்டம் முடிந்த பின் தேநீர் நேரத்தில் பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். கூட்டத்தில் வராத செய்தி அங்கே வரும். அப்படி வந்த கெட்ட செய்திக்கு உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை அணி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். "சொன்னது நல்லது, தம்பி. இனி என்ன செய்வோம்?" என்று கேட்டால் அடுத்த செய்தி இன்னும் முன்னதாக வரும்.

சொன்னோம், எழுதினோம், யாரும் செய்யவில்லை

கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். "சீமெந்து விரைவில் பெற்றுக்கொள்ளப்படும்" என்று இருந்தால், அதை எவரும் செய்யப்போவதில்லை. ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு திகதி. "சங்கம்" என்பது பெயர் அல்ல. இருவர் பெயர் போட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பார்.

வட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தி பரப்ப அது அருமையான சாதனம். தீர்மானங்களை வைத்திருக்க அது தகாத இடம். காலை வணக்கப் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் நடுவில் "கம்பியின் அளவு 12 மில்லிமீற்றர்" என்ற வரி புதைந்துபோகிறது. குரல் பதிவில் சொன்னதை இரண்டு மாதம் கழித்துத் தேடவும் முடியாது. குழுவில் பேசுங்கள், தீர்மானமானதும் கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். சிக்னல் எட்டாத ஊரில் வேலை செய்யும் ஆளுக்குக் கொப்பியே போதும்.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை

கொடுப்பனவுக் கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அதுதான் கோளாறு. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவெடுப்பு, பொறியியலாளரின் உறுதிப்படுத்தல், கணக்குப் பகுதி என்று கோப்பு நடக்கும் பாதை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஏறக்குறைய ஒன்றே. திரும்பி வரும் கோப்புகள் பெரும்பாலும் சிறு காரணங்களுக்காகவே வருகின்றன: பொருளாளரின் கையொப்பம் வங்கியில் உள்ளதுபோல் இல்லை, கூட்டத் தீர்மானத்தின் பிரதி இல்லை, வேலைக்கு முன் எடுத்த படம் இல்லை. மண்ணுக்குள் போகும் அத்திவாரத்தையும் கம்பிக்கட்டையும் மூடும் முன் அளவு நாடாவோடு படமெடுத்து வைக்காவிட்டால் பிறகு எப்படி நிரூபிப்பது?

முதல் கொடுப்பனவின் போதே கணக்குப் பகுதிக்கு நேரில் போய், தேவையான பத்திரங்களின் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே ஒழுங்கில் அடுக்கிக் கொடுங்கள். டிசம்பரில் எல்லாச் சங்கங்களின் கோப்பும் ஒரே மேசையில் குவியும். நவம்பர் முதல் வாரத்துக்குள் உங்களுடையது போய்விட வேண்டும். விலைமனுவில் எத்தனை நாளைக்கு அந்த விலை செல்லும் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 2022 இல் சில மாதங்களுக்குள் சீமெந்து விலை இரு மடங்கை எட்டியபோது, திகதி எழுதாத விலையோடு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட சிறு ஒப்பந்தகாரர்கள் பட்ட துன்பம் ஆறக் காலமெடுத்தது.

ஒருவர் வராவிட்டால் எல்லாம் நிற்கிறது

அந்த ஒருவர் மிகத் திறமையானவராக இருப்பார். அவரை எல்லோரும் புகழ்வார்கள். அரச நியமனம் வந்தாலோ வெளிநாட்டுப் பயணம் சரிவந்தாலோ அவர் ஒரு வாரத்தில் போய்விடுவார். போகத்தான் வேண்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கடவுச்சொல், கடைக்காரரின் தொடர்பு, பயனாளிப் பட்டியலின் கடைசித் திருத்தம் எல்லாம் அவரோடு போய்விடும்.

அவர் இருக்கும்போதே, மாதத்தில் ஒரு நாள் அவருடைய வேலையை இன்னொருவர் செய்யட்டும், அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். எங்கெல்லாம் "இது அவருக்குத்தான் தெரியும்" என்று நிற்கிறதோ, அதை அன்றே எழுதுங்கள். விடைபெறும் வாரத்தில் எழுதச் சொன்னால் முக்கியமானவை விடுபட்டுப்போகும்.

இருவருக்குள் பேச்சு இல்லை

முதலில் வேலைப் பிரிப்பைப் பாருங்கள். ஒருவர் முடித்துக் கொடுக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டிய இடத்தில்தான் பெரும்பாலான மனத்தாங்கல் முளைக்கிறது. கொடுக்க வேண்டியது என்ன, எந்த நாளில் என்பதை எழுதிவிட்டால் பாதி தணியும். தணியாதது சாதி, ஊர், பழைய பகை சார்ந்ததாக இருந்தால் கூட்டத்தில் எடுக்க வேண்டாம். இருவரும் மதிக்கும் ஒருவர் வழியாக, தனித்தனியாகப் பேசுங்கள். ஆனால் சாதி சொல்லி ஒருவரை இழிவாகப் பேசியிருந்தால் அங்கே சமரசத்துக்கு இடமில்லை. பேசியவர் அணியில் இருக்கக் கூடாது.

கையளித்த பிறகு பழுது, எவரும் பொறுப்பேற்கவில்லை

திறப்பு விழா முடிந்து ஆறு மாதத்தில் தண்ணீர்ப் பம்பு நின்றுவிடும். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த தொகை எதற்கென்றால் இதற்குத்தான். அதை விடுவிக்கும் திகதியைக் கொப்பியில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன் கட்டடத்தை முழுவதும் சுற்றிப் பாருங்கள். முடிந்தால் ஒரு மாரி கழிந்த பின் பாருங்கள். கூரை ஒழுகுவதும் நிலம் இறங்குவதும் அப்போதுதான் தெரியும். அந்தத் தொகையை விடுவித்த பின் பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கிலிருந்து, மாதம் எவ்வளவு, சாவி எவரிடம் என்று கையளிக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதி சங்கக் கோப்பில் இருக்கட்டும், இன்னொன்றைப் பம்பு அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். பம்பைத் திருத்துகிறவரின் தொலைபேசி இலக்கம் அதில் முதல் வரியாக இருக்க வேண்டும்.